ஒடிந்த முதுகுக்குக் கத்தியா, கட்டா?

முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவரைப் பார்க்க நாகர்கோவில் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வராந்தாவில் நிற்கும் சொந்தக்காரர்களிடம் இரண்டு பேச்சு காதில் விழும். “கத்தி வச்சா பொறவு காலு விளங்காது, கேட்டியளா” என்பது ஒன்று. “இண்ணைக்கே ஆப்பரேசன் பண்ணலேண்ணா காலு போயிருமாம்” என்பது மற்றது. முன்னது ஊர்ப்பேச்சு. பின்னது ஸ்கேன் படத்தைப் பார்த்த யாரோ சொல்லிவிட்டுப் போனது. இரண்டுக்கும் ஆதாரமாக ஆளைக் காட்ட முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் இடுப்புக்குச் சற்று மேலே முதுகு முறிந்து வருகிறவர்களில் காலை நன்றாக அசைத்துக்கொண்டு, வலியில் முனகிக்கொண்டு வருகிறவர்களே அதிகம். அவர்களுக்கு இந்த இரண்டு பேச்சுமே பொருந்தாது. அவர்களைப் பற்றித்தான் உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதுகு முறிய வழிகள் நிறைய. அக்கானி என்கிற பதநீர் இறக்கும் பனையேறி தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியில் மிதித்து ஏறுகிறார். இடுப்பில் அரிவாளும் குடுவையும் தொங்கும், உடம்பை மரத்தோடு பிணைக்கும் கயிறு இருக்காது. தென்னையில் தேங்காய் போடுகிறவர், பலாப்பழம் பறிக்கத் தானே ஏறிய வீட்டுக்காரர், நல்லமிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்தவர், சாரத்தில் நின்ற கொத்தனார் என்று கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பட்டியல் நீளும். மழைக்காலத்தில் பாசி பிடித்த மரம் ஒரு கணம் வழுக்கினால் போதும். கடற்கரை ஊர்களில் இன்னொரு வகை உண்டு: வள்ளம் அலையில் ஏறித் தூக்கி அடிக்கும்போது, உட்கார்ந்திருந்தவரின் பிட்டம் பலகையில் மோதி முள்ளெலும்பு நசுங்குவது. கீழே விழாமலே ஒடியும் முதுகு அது.

உயரத்திலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் காலூன்றியோ உட்கார்ந்தபடியோதான் வந்து இறங்குகிறார். அந்த அதிர்ச்சி குதிகாலில் தொடங்கி மேலே ஏறும். குதிகால் எலும்பு முறிந்து வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கும் என்பது எலும்பு மருத்துவத்தின் பழைய பாடம். கால் வீக்கத்துக்கு மட்டும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பத்து நாள் கழித்து முதுகுவலியோடு திரும்பி வருகிறவர்கள் இந்தப் பாடம் மறக்கப்பட்டதால் வருகிறவர்கள். முறிவு பெரும்பாலும் நிகழும் இடம் நெஞ்சுப் பகுதியின் 12-ஆவது முள்ளெலும்புக்கும் இடுப்புப் பகுதியின் 2-ஆவது முள்ளெலும்புக்கும் இடைப்பட்ட துண்டு. விலா எலும்புகளால் இறுகக் கட்டப்பட்ட மேல்முதுகும், தாராளமாக வளைகிற கீழ்முதுகும் அங்கேதான் சந்திக்கின்றன. தண்டுவடம் முடிவதும் அந்த மட்டத்தில்தான். அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கற்றை. தண்டுவடத்தைவிட அது கொஞ்சம் அடி தாங்கும்.

அடுத்த அரைமணி நேரத்தில் நடப்பதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. விழுந்தவரை முதலில் உட்கார வைக்கிறார்கள். தண்ணீர் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் திணித்து, ஒருவர் தோளில் தலையைச் சாய்த்து, குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டுபோகிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் முன்பக்கம் நொறுங்கிய முள்ளெலும்பை மேலும் முன்னால் மடக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைத் திட்டமிட்டால்கூடச் செய்ய முடியாது. செய்ய வேண்டியது எளியது: விழுந்தவர் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், 108 வரட்டும். வேறு வழியில்லை என்றால் பெஞ்சுப் பலகையோ கழற்றிய கதவோ கொண்டுவந்து, நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் தலையை மட்டும் பார்த்துக்கொள்ள, கழுத்தும் இடுப்பும் தனித்தனியே திரும்பாமல் ஒருசேர உருட்டிப் பலகையில் கிடத்த வேண்டும். அறுவையா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் சிலருக்குக் கால் போவது இந்தப் பயணத்தில்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபின் மருத்துவர் மூன்றைப் பார்க்கிறார். எலும்பு எந்த விதமாக உடைந்திருக்கிறது, பின்பக்கத் தசைநார்க் கட்டு அறுந்திருக்கிறதா, நரம்பு வேலை செய்கிறதா. இந்த மூன்றுக்கும் வந்து சேர மருத்துவ உலகத்துக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. வியன்னாவில் லோரென்ஸ் போலர் முதுகைப் பின்னால் வளைத்து நிமிர்த்தி மாவுச்சட்டை போட்டு நடக்கவிட்டார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் 1944 முதல் தண்டுவடப் பிரிவை நடத்திய லுட்விக் குட்மன், அவசரப்பட்டு முதுகைத் திறப்பதைக் கடுமையாக எதிர்த்தார். தலையணைகளால் நிலை கொடுத்துப் படுக்கவைத்து, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டி, சிறுநீரையும் தோலையும் காப்பதே சிகிச்சை என்றார். சுரங்கங்கள் சூழ்ந்த ஷெஃபீல்டில் ஃபிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த் 1963-இல், பின்கட்டு அறுந்ததா என்பதே முறிவு நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார். 1983-இல் ஃபிரான்சிஸ் டெனிஸ் 412 நோயாளிகளை ஆராய்ந்து முதுகெலும்பை முன், நடு, பின் என்று மூன்று தூண்களாகப் பிரித்தார். இதற்கிடையே பாரிஸில் ரேமண்ட் ருவா-கமி பெடிக்கிள் ஸ்க்ரூவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஊரில் “கம்பி வச்சிருக்கு” என்று சொல்கிறார்களே, அந்தக் கம்பியைப் பிடித்து நிறுத்துவது அந்த ஸ்க்ரூதான். அது வந்தபிறகு கத்தியின் பக்கம் தராசு சாய்ந்தது. ஒரு கருவி கைக்கு வந்துவிட்டால் அதற்கான தேவையும் கூடவே பெருகும். மருத்துவமும் அதற்கு விலக்கில்லை.

2005-இல் அமெரிக்காவின் அலெக்சாண்டர் வக்காரோ குழு அந்த மூன்று கேள்விகளையும் மதிப்பெண்ணாக்கியது. நசுங்கல் என்றால் 1, வெடிப்பு என்றால் 2, எலும்பு விலகினால் 3, இழுபட்டுப் பிளந்தால் 4. பின்கட்டு நன்றாக இருந்தால் 0, சந்தேகமென்றால் 2, அறுந்திருந்தால் 3. நரம்பு சரியாக இருந்தால் 0, பாதி வேலை செய்தால் 3. தண்டுவடம் முற்றிலும் போயிருந்தால் அதைவிடக் குறைவாக 2. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்குள் இருந்தால் கத்தி வேண்டாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் வேண்டும். 4 என்றால் மருத்துவர் விருப்பம். தென்னையிலிருந்து விழுந்து முதலாம் இடுப்பு முள்ளெலும்பு வெடித்து, பின்கட்டு முழுசாக இருந்து, கால் பெருவிரலை ஆட்டிக்காட்டுகிற ஒருவருக்கு மொத்தம் 2. அதே ஆளின் எம்ஆர்ஐ படத்தில் பின்கட்டு கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தால் 4. அந்த வெளுப்பு அறுந்ததா, வெறும் வீக்கமா என்று இரண்டு மருத்துவர்களைக் கேட்டால் இரண்டு பதில் வரும். மதிப்பெண் முறை சண்டையைத் தீர்க்கவில்லை. எந்த இடத்தில் சண்டை என்பதைக் குறித்துக் கொடுத்தது.

சண்டையில்லாத இடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். நரம்பு பாதி வேலை செய்து, எலும்புத் துண்டு அதை அழுத்திக்கொண்டிருந்தால் அறுவை வேண்டும், அதுவும் சீக்கிரம். கழுத்துத் தண்டுவடக் காயத்தில் 313 பேரைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு 2012-இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 19.8 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் நரம்புச் செயல்பாட்டு அளவுகோலில் இரண்டு படியாவது முன்னேறினார்கள், தாமதித்தவர்களில் 8.8 விழுக்காட்டினர். இது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல என்றாலும் அதன் திசை தெளிவு. விளவங்கோட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் மருத்துவமனை மாறி மாறிப் போகும் குடும்பங்களுக்கு அந்த 24 மணி நேரம் எங்கே கரைகிறது என்று தெரியும். முள்ளெலும்பு இடம் பெயர்ந்து நின்றாலும் அறுவைதான். மாறாக, முன்விளிம்பு மட்டும் சற்று நசுங்கிய முறிவுக்குக் கத்தி தேவையே இல்லை.

இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் வருகிறவரிடம்தான் பேச்சு கடினமாகிறது. அவருக்கும் அறுவை செய்வார்கள். குடும்பம் அதைக் காலைத் திருப்பிக் கொண்டுவரும் முயற்சி என்று புரிந்துகொள்கிறது. பெரும்பாலும் அது, அவரைச் சில நாட்களில் நிமிர்ந்து உட்காரவைத்து, சக்கர நாற்காலிக்கு மாற்றி, படுக்கைப்புண்ணும் நெஞ்சுச்சளியும் வராமல் காப்பதற்கான அறுவை. நல்ல காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். “கத்தி வச்சா காலு விளங்காது” என்ற ஊர்ப்பேச்சு பிறந்ததே இங்கேதான் என்று நினைக்கிறேன்: விழுந்த கணத்திலேயே போன காலுக்குக் கத்தியின் மேல் பழி விழுகிறது.

இனி சண்டை நடக்கும் இடம். வெடிப்பு முறிவு, நரம்புக்குக் கேடில்லை, பின்கட்டும் முழுசு. மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கொளியில் தூக்கிக் காட்டுகிறார். காலில் மிதிபட்ட தீப்பெட்டி போல முள்ளெலும்பு எல்லாப் பக்கமும் பிதுங்கியிருக்கிறது. அதன் பின்சுவரிலிருந்து ஒரு துண்டு நரம்புக் குழாய்க்குள் பாதி தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்த எவருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்தத் துண்டு அடுத்த அசைவில் நரம்பை வெட்டிவிடும் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தத் துண்டு அதிகபட்சமாக உள்ளே பாய்ந்தது விழுந்த கணத்தில். படத்தில் இருப்பது அது திரும்பி வந்து நின்ற இடம். அந்தக் கணத்தில் போகாத கால், பின்கட்டு உறுதியாக இருக்கும்வரை, பிறகு போவது அரிது. மேலும் உடம்பு அந்தத் துண்டை மெல்ல மெல்லக் கரைத்துக் குழாயைத் தானே அகலப்படுத்திக்கொள்கிறது. அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஓராண்டுக்குள் இது பெருமளவு நடந்துவிடும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன், நரம்புச் சேதமில்லாத வெடிப்பு முறிவில் அறுவையில்லா சிகிச்சையின் இடம் பற்றி 2010-இல் ஐரோப்பிய முதுகெலும்பு ஆய்விதழில் எழுதிய கட்டுரையும் இதையே வலியுறுத்தியது. முதுகெலும்பு அறுவைக்கு உலகப் பெயர் பெற்ற ஒருவர் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லி எழுதியது அது.

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. அமெரிக்காவில் கிர்க்கம் வுட் குழுவின் ஆய்வு 2003-இல் வந்தது. தொடர்ந்து பார்க்க முடிந்த 47 பேரில் ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு மாவுச்சட்டை அல்லது பெல்ட். சுமார் நாலாண்டு முடிவில் வலியிலும் வேலைக்குத் திரும்பியதிலும் பெரிய வேறுபாடில்லை. சிக்கல்கள் மட்டும் அறுவைப் பக்கம் கூடுதல். அதே நோயாளிகளை விடாமல் துரத்திப் பிடித்து 2015-இல் மீண்டும் எழுதினார்கள். 16 முதல் 22 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த 37 பேரில், அறுவை செய்யாதவர்களே வலி குறைவாகவும் நடமாட்டம் நன்றாகவும் இருந்தார்கள். அவ்வளவு காலம் தொடர்ந்த இன்னொரு ஆய்வு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு நேரெதிராக நெதர்லாந்தின் சீபெங்கா குழு 2006-இல் 34 பேரை வைத்துச் செய்த ஆய்வு, அறுவை செய்தவர்களுக்குக் கூன் குறைவு, வலி குறைவு, பழைய வேலைக்குத் திரும்பியவர்களும் அதிகம் என்றது. 2013-இல் காக்ரேன் மதிப்பாய்வு கணக்கெடுத்தபோது தேறியவை இந்த இரண்டு ஆய்வுகள்தான். அவற்றில் சேர்க்கப்பட்டவர்கள் மொத்தம் 87 பேர். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் முடிவு சொல்ல முடியாது என்று எழுதி முடித்தார்கள். 2001-இல் தைவானில் 80 பேரைத் தொடர்ந்த ஆய்வு நடுவழியைக் காட்டுகிறது: முதல் சில மாதங்கள் அறுவை செய்தவர்களுக்கு வலி குறைவு, இரண்டாண்டு முடிவில் இருவரும் ஒன்று, செலவு மட்டும் கத்திக்குப் பல மடங்கு. என் கணிப்பு இந்தத் தைவான் பக்கம்தான். கூலிக்குப் போகிறவருக்கு அந்த முதல் சில மாதங்கள் சின்ன விஷயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2014-இல் கனடாவின் பெய்லி குழுவிடமிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. வெடிப்பு முறிவு வந்த 96 பேரில் பாதிப் பேருக்குப் பெல்ட் கொடுத்து, மீதிப் பேருக்குப் பெல்ட்டும் இல்லாமல், வலி பொறுக்கும் அளவுக்கு எழுந்து நடக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் இரு தரப்பும் ஒரே நிலை. ஆர்த்தோ பெல்ட் கடைக்காரர்கள் இந்தக் கட்டுரையை விரும்ப மாட்டார்கள். நம்மூர் மருத்துவர்கள் அப்படியும் பெல்ட் எழுதத்தான் செய்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை: பெல்ட் போட்டவரிடம் வீட்டார் விறகு தூக்கச் சொல்வதில்லை.

இந்த ஆய்வுகளை இங்கே எடுத்து வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுதான். வுட், பெய்லி ஆய்வுகளில் “அறுவை இல்லை” என்ற பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். சில நாட்களில் எழுப்பி நிற்கவைத்தார்கள். நின்றநிலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு குறித்த இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வரவழைத்துக் கூன் கூடுகிறதா என்று அளந்தார்கள். கூடினால் அறுவைக்கு மாற்றவும் தயாராக இருந்தார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அது ஒரு முழுமையான சிகிச்சை. நம் மாவட்டத்தில் “ஆப்பரேசன் வேண்டாம்” என்று சொல்லிப் பெயர் வெட்டி வாங்கி வீட்டுக்குப் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பலகைக் கட்டில், மூன்று மாதம் அசையாமல் கிடக்கச் சொல்லும் உறவினர், எண்ணெய். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், மலம் இறுகும், முதுகுத் தசை வற்றும், பிட்டத்தில் புண் வரும். மூன்று மாதம் கழித்து எழும்போது கூன் விழுந்திருந்தால், “அண்ணைக்கே கம்பி வச்சிருக்கணும்” என்று முடிவாகிவிடும். தோற்றுப்போனது அறுவையில்லா சிகிச்சை அல்ல. அது நடக்கவே இல்லை.

எண்ணெய் என்றதும் வர்ம ஆசான்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வர்மத்தின் தாய்நிலம் இது. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களைக் கணக்கிட்டு, இளக்குமுறையும் தடவுமுறையும் கற்ற ஆசான்கள் மேற்கு வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். வர்மத்தோடு ஒடிவு முறிவையும் சேர்த்தே பேசும் சுவடி மரபு அது. கை கால் முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, முறிவெண்ணெய் ஊற்றிக் குணமானவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நேராக நிற்கும் கை எலும்பு முறிவு பலவும் எந்தக் கட்டுக்கும் கூடிவிடக்கூடியது என்பதும் ஒரு காரணம். முதுகின் கதை வேறு. எலும்புக்குள் நரம்பு ஓடும் இடத்தில், எக்ஸ்ரே பார்க்காமல், முறிந்த முதல் வாரங்களில் தடவி அழுத்துவது ஆபத்து. கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவது அதைவிட ஆபத்து. படம் எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் ஆசான்களும் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் கலையின் எல்லை தெரிந்தவர்கள். எலும்பு கூடி, மாதங்கள் கழிந்து, இறுகிப்போன தசையோடு அல்லாடுகிறவருக்கு எண்ணெயும் கைத்தடவலும் தரும் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் அவரைத் தொட்டுப் பேச யாருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்காதபோது, ஆசான் அரைமணி நேரம் தொட்டுப் பார்க்கிறார் என்பதும் ஒரு காரணம்.

பணமும் ஒரு பக்கம் தள்ளுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு அது பெரிய துணை. ஆனால் ஆறாம் வாரம் திரும்பி வரும் பேருந்துச் செலவும், கூடவரும் மகனின் ஒருநாள் கூலியும், வீட்டில் கிடக்கும் மூன்று மாதச் சோறும் குடும்பத்தின் தலையில்தான். 2021 டிசம்பரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48” திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது; ஆனால் அது சாலை விபத்துக்கு. தேசிய நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர் அதற்குள் வருவார். அந்தச் சாலையோரத்துப் பனையிலிருந்து விழுந்தவர் வர மாட்டார். முறிந்த முள்ளெலும்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

முதுகெலும்பு நொறுங்குவதெல்லாம் விழுந்ததால் மட்டுமல்ல. காசநோயும் அதைத் தின்றுவிடும், புற்றுநோயும் தின்றுவிடும். சின்ன அடியில் பெரிய முறிவு என்றால் இந்த இரண்டையும் நினைத்தாக வேண்டும். காசநோய் முதுகில்தான் “கத்தியா, வேண்டாமா” என்ற கேள்வி தமிழ்நாட்டிலேயே முறையாகக் கேட்கப்பட்டது. 1970-களில் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய் ஆய்வு மையம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து, ஒரு சாராருக்கு மருந்தோடு நெஞ்சைத் திறந்து செய்யும் பெரிய அறுவையும், மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே விழுங்கும் மாத்திரையும் கொடுத்தது. பத்தாண்டு முடிவு 1999-இல் வெளியானபோது மாத்திரை எந்த வகையிலும் பின்தங்கவில்லை. குழந்தைகளில் மட்டும் சிலருக்கு நோய் குணமான பின்னும் கூன் வளர்ந்துகொண்டே போனது. யாருக்கு அப்படி வளரும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களை ராஜசேகரன் 2001-இல் வகுத்தார். காசநோயில் நம்மவர்களை வைத்து நம் மண்ணிலேயே கிடைத்த இந்தத் தெளிவு, மரத்திலிருந்து விழுந்த முதுகுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டில் குனிந்து முற்றம் பெருக்கும்போது “சுரீர்” என்று பிடித்துக்கொண்ட பாட்டியின் முதுகும் இந்தக் கணக்கில் வரும். எலும்பு வலுவிழந்துபோய், தும்மினாலும் நசுங்கும் நிலை. இங்கே கத்தி என்பது நசுங்கிய எலும்புக்குள் ஊசிவழி செலுத்தும் சிமெண்ட். பிரான்சில் 1984-இல் தொடங்கிய இந்த முறை காட்டுத்தீ போலப் பரவியது. செய்து முடித்த மறுநாளே வலி போனது என்று நோயாளிகளே சாட்சி சொன்னார்கள். 2009-இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன, ஆஸ்திரேலியாவில் 78 பேர், அமெரிக்கா முதலிய நாடுகளில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட். மீதிப் பேருக்கு மரப்பு ஊசி மட்டும். சிமெண்ட் வாசனையை அறையில் பரவவிட்டு, செய்தது போலவே நடித்தார்கள். இரு தரப்புக்கும் வலி ஒரே அளவு குறைந்தது. சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை; முறிவு தானே ஆறும் வாரங்களில் யார் எதைச் செய்தாலும் பெயர் அவருக்குப் போகும். 2016-இல் 120 பேரை வைத்து வந்த இன்னொரு ஆய்வு, ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு வருகிறவர்களுக்குச் சிமெண்ட் உதவுகிறது என்றது. 2018-இன் காக்ரேன் மதிப்பாய்வு வழக்கமாகச் செய்ய ஆதாரமில்லை என்றே முடித்தது. எனக்கு உறுத்துவது வேறு. சிமெண்ட் வைத்தும் வைக்காமலும் வீடு திரும்பும் பாட்டிகளில் எத்தனை பேருக்கு எலும்புத் தேய்வுக்கான மருந்து எழுதப்படுகிறது? ஒருமுறை நசுங்கிய முதுகு அடுத்த ஆண்டுக்குள் இன்னொரு இடத்தில் நசுங்குவதற்கு வாய்ப்பு மிக அதிகம். அந்த மருந்துச் சீட்டு இல்லாமல் கத்தியும் கட்டும் அரைகுறைதான்.

இனி, கால் போனவர்களைப் பற்றி. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து வேலூரில் அதற்கென்று தனித் துறையை உருவாக்கினார். 1966-இல் மறுவாழ்வு நிலையமும் திறந்தது. கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே, இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இரண்டு இடங்களும் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: தண்டுவடம் போனவரின் ஆயுளைத் தீர்மானிப்பது சிறுநீர்க் குழாயை யார் எப்படிச் சுத்தமாக மாற்றுகிறார்கள், பிட்டத்துத் தோலை யார் தினமும் பார்க்கிறார்கள் என்பவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அறுவை செய்யாமல் வீடு திரும்பும் முதுகு முறிவுக்காரர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் தவறாமல் ஏறினால், மேலே சொன்ன பலகைக் கட்டில் சிகிச்சைக்கு ஒரு மாற்று கையிலேயே இருக்கிறது.

கடைசியாக மரத்துக்கே திரும்பும் கேள்வி. ஆய்வுகளில் “வேலைக்குத் திரும்பினார்” என்று ஒரு கட்டம் இருக்கும். அமெரிக்காவிலோ நெதர்லாந்திலோ அதன் பொருள் வேறு. இங்கே டிஸ்சார்ஜ் சீட்டில் “மரம் ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது” என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அடுத்த அக்கானி பருவம் வரும்போது அந்தச் சீட்டு அலமாரியில் இருக்கும், ஆள் பனையில் இருப்பார். கம்பி வைத்த முதுகு ஏறி இறங்கும் வேலையை எத்தனை ஆண்டு தாங்கும், சற்றுக் கூன் விழுந்து தானே கூடிய முதுகு எத்தனை ஆண்டு தாங்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடம் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிதான்: மரத்திலிருந்து விழுந்து வருகிறவர்களைப் பெயர் பதிந்து, அறுவை செய்தவர், செய்யாதவர் இருசாராரையும் ஆறாம் வாரம், ஆறாம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதிவைத்தால் போதும். பத்தாண்டில் வுட்டின் 47 பேரைவிடப் பெரிய கணக்கு நம் கையில் இருக்கும்.